கை என்று கேட்டால்

எங்கள் வீட்டில் இருக்கும் சாமான் எதுவும் எங்களுடையது அல்ல. சோபா ஒரு வக்கீல் வீட்டில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தை, விவாகரத்து ஆன ஒரு தம்பதி எனக்கும் வேண்டாம் உனக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். கட்டில் யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. வீடு மாற்றுகிறவர்கள் லாரியில் இடம் இல்லாமலோ மனம் இல்லாமலோ கடைசி நேரத்தில் விட்டுச் செல்வதெல்லாம் என் கணவரின் அண்ணனிடம் போய்ச் சேரும். அங்கிருந்து எங்களிடம் வரும். அவருக்கு அதுதான் தொழில். சொந்தமாக லாரிகளும் ஒரு கொட்டகையும் வைத்து, ஊரில் உள்ளவர்களின் வீட்டைத் தூக்கி இன்னொரு வீட்டில் வைக்கிறவர். எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர் வைத்திருக்கிறேன், அது இங்கே வேண்டாம்.

என் கணவர் மீசை முளைத்த நாளிலிருந்து அண்ணனிடம் சுமை தூக்கியவர். பீரோ, பிரிட்ஜ், தேக்குக் கட்டில், எதுவானாலும் முதல் ஆளாக அடியில் தோள் கொடுப்பார். சுமைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படியில் பெரிய பொருளோடு போகும்போது பிடி நழுவுகிறது என்று தெரிந்தால் "கை!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் யார் இருந்தாலும், முந்தின நாள் அடித்துக்கொண்டு பேசாமல் இருப்பவனாகவே இருந்தாலும், ஓடி வந்து பிடித்தாக வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பிடித்தவன் நடுவில் விடக் கூடாது. அந்த வரிசைப் படி முடிகிறவரை சுமை அவனுடையது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கை கேட்டவனைக் கேலி செய்கிறவனை மறுநாள் லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

என் கணவர் தன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கை கேட்டதில்லை. இதை அவர் ஏதோ மெடல் வாங்கியதுபோல் சொல்வார். கல்யாணமான புதிதில் நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பிறகு ஒரு நாள் ஒரு நகைக்கடைக்காரரின் இரும்புப் பெட்டகத்தை இறக்கும்போது இடுப்பில் எதுவோ அறுந்தது அவருக்குத் தெரிந்தது. கேட்டிருக்கலாம். ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். கேட்கவில்லை. கடைசிப் படி வரை இறக்கி, பூப்போல் தரையில் வைத்துவிட்டு, அதன் மேலேயே கவிழ்ந்தார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பாதிச் செலவு அண்ணன் கொடுத்தார். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த முதுகு திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். குனிய முடியாது. இடது கால் பாதி நேரம் அவர் சொன்னபடி கேட்காது. சில நாள் கழிவறைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே நான் ஈரத்துணியைத் தேடுவதுபோல் அங்கும் இங்கும் திரிவேன். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்களின் அழுக்கை அலசிவிட்டு வருகிறவளுக்கு சொந்தப் புருஷனுடையது பெரிய விஷயமா? அவருக்குத்தான் பெரிய விஷயம்.

என் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் ஓடும், அவருடைய ஊசி மருந்து ஓடாது. அதனால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்றேன். அவர் பல நாள் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மனிதர் எங்கள் வக்கீல் சோபாவில் சாய்ந்துகொண்டு பேசுவதை நானும்தானே கேட்கிறேன். எழுதிப் போட்டோம், பணமும் மாதாமாதம் வரத் தொடங்கியது.

"கை கால் நல்லா இருக்கவனெல்லாம் கவர்மென்ட் காசுல காலாட்டிட்டு உக்காந்திருக்கான்" என்பார். "யாரு காசுடா அது? என் காசு. விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு லாரிய எடுக்குறேன் பாரு, அந்தக் காசு. அவனவன் பாரத்த அவனவன் தூக்கணும்டா தம்பி. என்ன சொல்ற?"

"ஆமாண்ணே" என்பார் என் கணவர், இடுப்புக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டு.

நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டுவேன். அவர் சொல்வது மொத்தமும் தப்பு என்றும் எனக்குத் தோன்றியதில்லை, அதுதான் கூடுதல் எரிச்சல். என் சம்பளத்திலும் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒருத்தன் இருக்கிறான், சீட்டாட்டக்காரன் என்று பெயர். பார்த்தால் எருமையைத் தூக்கிவிடுவான்போல் இருப்பான். என்ன வியாதி என்று சொல்லி வாங்கினானோ, அவனுக்கும் உதவித்தொகை வருகிறது. பகல் முழுவதும் வாசலில் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேலை முடிந்து தோள் கடுக்கக் கடுக்க அவனைத் தாண்டி மாடி ஏறும்போதெல்லாம் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மாமாவின் பேச்சில் சீட்டாட்டக்காரனும் என் புருஷனும் ஒரே ஆள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று எனக்கு வார விடுமுறை. அண்ணன் ஒரு வாஷிங் மிஷின் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வெளிநாடு போகிற யாரோ விட்டுவிட்டுப் போனது. "பாவம், நாளெல்லாம் துணி தொவைக்கிற, வீட்டுலயாச்சும் கை வலிக்காம இரு" என்றார். மனிதருக்கு நல்ல மனசு இல்லை என்று யார் சொன்னது? சுமை தூக்கும் ஆள் ஒருத்தன் அன்று வரவில்லை. அதனால் டிரைவரை அடியில் பிடிக்கச் சொல்லிவிட்டு, பல வருஷம் கழித்து முதலாளியே மேல் பக்கம், மிஷினைக் கட்டிய வாரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஏறி வந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. நானும் என் கணவரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, திருப்பத்துல சாச்சு எடுங்க, சாச்சு" என்று அங்கிருந்தே வேலை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

டிரைவருக்குக் கீழே, வழி அடைத்துக்கொண்டதால் மேலே வர முடியாமல், கைப்பையோடு ஒரு பெண் நின்றாள். சின்ன வயசு. யாருடைய விருந்தாளியோ என்று நினைத்தேன்.

இரண்டாவது மாடித் திருப்பம் தாண்டியதும் மாமாவின் முகம் வெளுத்தது. தொப்பையும் மூச்சிரைப்புமாக இருக்கிற மனிதர். வார் அவர் உள்ளங்கையில் வழுக்குவது எனக்கே தெரிந்தது. "கை!" என்று கத்தினார்.

நான் தடுப்பதற்குள் என் கணவர் போய்விட்டார். சுவரைப் பிடிக்கவில்லை. காலை இழுக்கவில்லை. ஒவ்வொரு படியாக அல்ல, குதித்து இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணனைத் தோளால் ஒதுக்கிவிட்டு வாரைப் பிடித்தார். மிஷின் அப்படியே நின்றது. ஒரு நொடி தாமதித்திருந்தால் அது டிரைவரையும், அவன் பின்னால் நின்ற அந்தப் பெண்ணையும் வாரிக்கொண்டு போயிருக்கும். பிடித்தவர் வழக்கப்படி விடவும் இல்லை. பின்னோக்கி ஏறி, மீதிப் படியெல்லாம் தூக்கி, வீட்டுக்குள் கொண்டுவந்து, சமையலறைச் சுவர் ஓரமாகப் பூப்போல் வைத்தார்.

"பாத்தியாம்மா என் தம்பிய!" என்று மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சிங்கம்டா நீ. சும்மா முதுகு முதுகுன்னு வீட்டுல முடங்கிக் கெடக்குற."

என் கணவரும் சிரித்தார். நிமிர்ந்து நின்றார். அவர் கால் நடுங்குவதும், உதடு நீலமாகிக்கொண்டு வருவதும் எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் கைப்பைப் பெண் உள்ளே வந்து, அவர் பெயரைச் சொல்லி, "நீங்கதானா சார்?" என்றாள்.

"நான்தாம்மா."

"உதவித்தொகை ஆபீஸ்லருந்து வர்றேன். முன்கூட்டிச் சொல்லாம வந்து பாக்குறது எங்க முறை, தப்பா எடுத்துக்காதீங்க. முதுகு இப்ப எப்படி இருக்கு சார்?"

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்: சொல்லுங்க, வலிக்குதுன்னு சொல்லுங்க, அப்படியே உக்காருங்க, விழுந்தாலும் பரவாயில்லை.

"பரவால்லம்மா" என்றார் என் கணவர். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

"பொய்ம்மா அது" என்று குறுக்கே விழுந்தேன். "அண்ணன் முன்னாடி வெக்கப்பட்டுச் சொல்றாரு. இவரால நடக்க முடியாதும்மா. இப்ப ஓடுனது, அது அவங்க தொழில் பழக்கம். கையின்னு கேட்டா பிடிச்சே ஆகணும். பிடிக்கலன்னா நீங்க இப்ப இங்க நின்னு பேச மாட்டீங்க."

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவள் கண்ணில் சங்கடம் தெரிந்தது. நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "எனக்குப் புரியுதுக்கா. ஆனா நான் என் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும். சாரும் நல்லா இருக்கேன்னு சொல்றாரு" என்றாள். பிறகு மெல்லிய குரலில், மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். "நீயாடா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய காலடிச் சத்தம் கீழே போய் மறைகிறவரை என் கணவர் நின்றுகொண்டே இருந்தார். அது மறைந்த பிறகு, சுவரோடு சுவராகச் சரிந்தார். நானும் டிரைவரும் பாயில் போட்டு உள்ளே இழுத்தோம். பல்லைக் கடித்ததில் நாக்கு வெட்டுப்பட்டு வாயெல்லாம் ரத்தம். அன்றைக்குப் படுத்தவர் மாதம் மாறியும் தானாக எழுந்து உட்காரவில்லை. அன்று பாயில் போட்டதும் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, "முதலாளி இதப் பாக்காம போயிட்டாரே" என்றான். பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று எனக்குள் ஓடியது. அவனிடம் சொல்லவில்லை.

உதவித்தொகை நின்றுவிட்டது. சலவை இயந்திரத்தைப் படியேற்றித் தூக்கியவர், நலமாக இருப்பதாகத் தானே ஒப்புக்கொண்டவர் என்று காரணம் வந்தது. எழுதியிருந்ததில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஊசி மருந்தைப் பாதியாகக் குறைத்தோம். பிறகு அதிலும் பாதி.

மேல்முறையீட்டு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு வழி சொன்னார். இந்த முதுகு எப்படிப் போனது, எங்கே வேலை செய்து போனது என்று வேலை கொடுத்தவர் வந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு என் கணவர் ஏன் மிஷினைத் தூக்கினார் என்பதையும் அவரே சொன்னால் கேஸ் நிற்கும். "வேலை குடுத்தவரு யாரும்மா?" என்றார். கூடப் பிறந்த அண்ணன் என்றேன். "அப்புறம் என்னம்மா கவலை!" என்றார் அந்தப் புண்ணியவான்.

நான் கொட்டகைக்குப் போனேன். அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கி இருந்தன. முதலாளி ஒரு டைனிங் டேபிளின் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதுவும் யாரோ விட்டுப்போனதுதான். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"என்கிட்ட மறைச்சு பிச்சை வாங்கியிருக்கான்" என்றார். "அண்ணன் நான் இல்லையா? என்கிட்ட கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேக்க மாட்டாரு மாமா. அவரு கேக்கற ஆளு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா? அப்புறம், அது பிச்சையும் இல்ல."

"வேற என்னவாம்? நாலு பேரு கட்டுற வரிம்மா அது."

"நீங்க அவருக்குக் கட்ட வேண்டியத நீங்க கட்டியிருந்தா, நாலு பேரு காசுக்கு நாங்க ஏன் போகணும்?" என் குரல் எழும்பிவிட்டது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இத்தன வருஷம் உங்ககிட்ட தூக்குனாரே, எந்தக் காகிதத்துல அவரு பேரு இருக்கு? பிடித்தம் கட்டுனீங்களா, இன்சூரன்ஸ் போட்டீங்களா? டிரைவருக்கு இருக்கு, நேத்து வந்த ஆளுக்கு இருக்கு. கூடப் பொறந்தவருக்கு இல்ல."

"தம்பிக்குப் போய் யாராச்சும் காகிதம் எழுதுவாங்களா? கையில குடுத்தேன். பிடித்தம் இல்லாம முழுசா குடுத்தேன். அப்ப உங்களுக்கும் அது இனிச்சதுதானம்மா?"

இனித்தது. அந்த நாளில் மற்றவர்களைவிடக் கூடுதலாக வீட்டுக்கு வருகிறது என்று நானும்தான் குளிர்ந்துபோய் இருந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. நான் போயி அவன் என்கிட்டதான் வேல பாத்தான்னு சொன்னா, அதோட நிக்குமா? ஏன் கணக்குல காட்டலன்னு வருவான். பழசயெல்லாம் கிளறுவான். அபராதம், வட்டி. ஒரு லாரி போகும், ரெண்டும் போகும். இவனுங்கள்லாம் எங்க போவானுங்க?" பெட்டி ஒட்டுகிற ஆட்களைக் காட்டினார். பயந்துபோன கிழவனைப்போல் தெரிந்தார். முதல் தடவையாக எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அதற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

"மாமா, அன்னைக்கு நீங்க கை கேட்டீங்க. அவரு கேள்வி கேட்டாரா? அந்த முதுக வச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. நீங்க போனப்புறம் வாயெல்லாம் ரத்தம். உங்க டிரைவரக் கேளுங்க." டிரைவர் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில், "வர்றேம்மா. என் தம்பி அவன். என்னால முடிஞ்சத சொல்றேன்" என்றார். நான் அவர் காலில் விழாத குறைதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, "நான் சொல்லல? அண்ணன் விட மாட்டாரு" என்றார். அன்று நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, ஓரத்தில் அந்தக் கைப்பைப் பெண். என் கணவரால் நாற்காலியில் நேராக உட்கார முடியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வந்துவிட்டாரே என்று என் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதிகாரி முதலில் அவரைக் கேட்டார். "இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?"

மாமா தொண்டையைச் செருமினார். "தம்பிங்க ஐயா. அண்ணன் தம்பின்னா அப்பப்ப கூட வருவான், போவான். வேலைன்னு சொல்ல முடியாது."

"சம்பளம்?"

"சம்பளமெல்லாம் இல்லைங்க. செலவுக்கு அப்பப்ப குடுப்பேன். சொந்தத் தம்பியாச்சே."

"பொய்!" நான் எழுந்துவிட்டேன். எனக்கு என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. பெட்டகம், நகைக்கடை, ஆஸ்பத்திரி, பீரோக்கள், மீசை முளைத்த நாள், எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது. அதிகாரி கையைக் காட்டி என்னை அடக்கினார். அவருக்குக் கோபம் இல்லை. கவனமாகத்தான் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"உங்கள் மனைவி சொல்வது உண்மையானால் உங்கள் கேஸுக்கு அது பலம். காகிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் நான் அதை எழுதிக்கொண்டு, மேற்கொண்டு விசாரிக்கச் சொல்வேன். நீங்களே சொல்லுங்கள். இவரிடம் வேலை பார்த்துத்தான் முதுகு போனதா?"

என் கணவர் வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா? அவர் நெஞ்சு ஏறியது, தலை நிமிர்ந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா, ரொம்ப மெல்ல, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கை."

அதிகாரிக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. விழுந்திருந்தாலும் என்ன புரிந்திருக்கும்? கைப்பைப் பெண் மட்டும் சட்டென்று தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாமாவின் முகம் அன்று படியில் இருந்ததுபோலவே வெளுத்திருந்தது. அவருடைய இரண்டு கைகளும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் என் கணவரின் தோளை அழுத்தினேன். வேண்டாங்க, வேண்டாங்க என்று வாய்விட்டே சொன்னேன். கல்லைப் பிடித்து அழுத்தியதுபோல் இருந்தது.

"அண்ணன் சொல்றதுதாங்க சரி" என்றார் அவர். "நான் யார்கிட்டயும் வேல பாக்கல. முதுகு தானாத்தான் போச்சு. இவ கோபத்துல பேசுறா, மன்னிச்சுக்கோங்க."

அதிகாரி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு எழுதினார்.

வெளியே வந்ததும் மாமா தம்பியின் தோளைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார். அதைப் பற்றிப் பேசக் கூடாது அல்லவா, இரண்டு பேரும் பேசவில்லை. வழக்கத்தை அந்த ஒரு விஷயத்தில் ரொம்பச் சுத்தமாகக் காப்பாற்றினார்கள். லாரியில் ஏறப்போனவர் என்ன நினைத்தாரோ, என்னிடம் திரும்பி, "நான் பாத்துக்கறேம்மா. நல்ல பீரோ ஒண்ணு வந்திருக்கு, கண்ணாடி வச்சது. அனுப்பி வைக்கிறேன்" என்றார். நான் காறித் துப்பினேன். அவர் முகத்தில் அல்ல, தரையில்தான். அதற்கும் என் கணவர் என்னை முறைத்தார்.

வீட்டுக்கு வந்து படி ஏறத் தொடங்கினோம். வேண்டுமென்றே நான் முன்னால் போனேன். அவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். இடது கால் முழுக்கத் துவண்டிருந்தது.

"கேளுங்க" என்றேன் மேலேயிருந்து. "ஊருக்கெல்லாம் கை குடுத்தீங்கல்ல? ஒரு தடவ வாயத் திறந்து கேளுங்க. என்கிட்ட கேளுங்க."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

கீழேயிருந்து சீட்டாட்டக்காரன் வந்தான். சட்டைப்பையில் சீட்டுக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னண்ணே, புடிக்கட்டுமா?" என்றான்.

"வேணாம்ப்பா" என்று என் கணவர் சிரித்தார். "சும்மா காத்து வாங்குறோம்."

அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. அவன் இன்னும் ஒரு நிமிஷம் நின்றான். எங்களைத் தாண்டி மேலே போக வந்தவன், என்ன தோன்றியதோ, வந்த வழியே இறங்கிப் போய்விட்டான்.

நான் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் என்கிட்ட கேக்க மாட்டீங்க?" என்றேன். அவர் என் வலது தோளைப் பார்த்தார், சலவைக்கூடத்தில் போன தோள்.

"நீ ஏற்கெனவே புடிச்சிட்டுதான இருக்க" என்றார்.

அவர் கையை எடுத்து அந்தத் தோள்மேல் போட்டுக்கொண்டு எழுந்தேன். முழுப் பாரமும் என்மேல் வந்தது. வாசல் வரை நான் விடவில்லை. சுமைக்காரர்களுக்கு அந்த வரிசைப் படி முடிந்தால் முடிந்தது. எனக்கு எங்கே முடியும் என்று யாரும் சொல்லவில்லை.